வருமானம் வருமுன்னே வரி

(பத்தாம் வகுப்பு மாணவி, ராஜகுளம்)



நமது சமூக அறிவியல் புத்தகத்தில் "அரசாங்கமும் வரிகளும்" என்று ஒரு பாடம் இருக்கிறது. நேர்முக வரி என்றால் என்ன, மறைமுக வரி என்றால் என்ன, வேறுபடுத்துக என்று கேட்டால் நாம் எல்லோரும் மளமளவென்று எழுதிவிடுவோம். நானும் அப்படி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் அந்த மதிப்பெண் வாங்கிய அதே மாதத்தில் எங்கள் வீட்டில் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. காரணம் வரி. வரி அதிகம் என்பதனால் அன்று. அதை என்றைக்குக் கட்ட வேண்டும் என்பது அப்பாவுக்குச் சரியாகத் தெரியாததனால்!

எங்கள் அப்பா பம்புசெட் உதிரி பாகங்களும் பிளாஸ்டிக் பைப்புகளும் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். "நமக்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறைதான் கணக்கு" என்று யாரோ சொன்னதை, "மூன்று மாதத்திற்கு ஒரு முறைதான் பணமும்" என்று அவர் எடுத்துக்கொண்டார். கணக்கு வேறு, பணம் வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைத் தோழியர் அனைவருக்கும் விளக்கிவிட வேண்டும் என்பதே என் ஆசை. கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே பலர் உண்டு.

முதலில் ஒரு பொதுவான கேள்வி. ஆண்டு முடிந்து, இவ்வளவு சம்பாதித்தோம் என்று தெரிந்த பிறகு வரி கட்டுவதுதானே நியாயம்? ஆண்டின் நடுவிலேயே கேட்டால், இனி வரப்போகும் வருமானம் எவ்வளவு என்று யார் அறிவார்? இதை வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். "அரசாங்கத்திற்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் பசிக்காதா?" என்று சிஸ்டர் திருப்பிக் கேட்டார்கள். ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனைச் செலவும் மாதந்தோறும் வருவன. அவற்றுக்குப் பணம் வருடக் கடைசியில் மொத்தமாக வந்தால் போதாது. ஆகவே வரியைத் தவணையாக வாங்குகிறார்கள். தவணை என்றாலே வருமானம் முழுதும் தெரியுமுன் ஒரு மதிப்பீட்டின்படி கட்டுவதுதான். அந்த மதிப்பீட்டை யார் செய்வது, தவறினால் என்ன ஆகும் என்பதில்தான் காலத்துக்குக் காலம் வேறுபாடு.

இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். நமது உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. குடவோலை முறை என்று ஏழாம் வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். ஆனால் ஒன்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வாரியத்தில் உறுப்பினராக வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் இருக்க வேண்டும் என்று அதில் விதி உண்டு. வெறுமனே நிலம் இருந்தால் போதாது, வரி கட்டுகிற நிலமாக இருக்க வேண்டும். முன்பு வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே தகுதி இல்லாதவர்கள். ஒருவன் கணக்குக் காட்டாததற்கு அவன் மாமனுக்கும் மைத்துனனுக்கும் தண்டனையா என்று எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. அக்காலத்தில் கணக்கை அவ்வளவு பெரிதாக மதித்திருக்கிறார்கள். (அந்த ஓலையில் பெண்கள் பெயர் ஏதும் இல்லை என்பதும் என் வருத்தம். அது வேறு கட்டுரை.)

தேதி தவறியவர்களைப் பற்றிய கல்வெட்டு இன்னும் தெளிவானது. அது உக்கல் என்னும் ஊரில் இருக்கிறது. உக்கல் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் மாவட்ட எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. முதலாம் இராஜராஜனுடைய 24ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1009ஐ ஒட்டி, பிறந்த ஆணை அது. நில வரியை முழுதாக இரண்டு ஆண்டுகள் கட்டாமல் நிலுவை வைத்தவர்களின் நிலத்தை ஊராரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சோழநாடு, தொண்டைநாடு, பாண்டிநாடு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றின. முதலாவது, இரண்டு ஆண்டுகள் என்பது நல்ல அவகாசம். ஒரு வருடம் மழை பொய்த்தாலும் மறு வருடம் தேறலாம் அல்லவா? இரண்டாவது, அவகாசம் முடிந்தால் வட்டி இல்லை, அபராதம் இல்லை, நிலமே போயிற்று! இன்றைக்குக் கடைக்காரர் ஒரு நாள் தவறினால் ஒரு நாள் வட்டியோடு விடுகிறார்கள். எது கடுமை, எது இளக்கம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிற்காலத்தில் தவணைக்கு வந்த பெயர் கிஸ்தி. கட்டபொம்மன் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இந்தச் சொல்லை மறக்கமாட்டார்கள். நான் அதைக் கொள்ளை, கப்பம் போன்ற ஏதோ ஒரு சொல் என்றே நினைத்திருந்தேன். அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்குத் தவணை என்றே பொருள். பசலி என்பதும் அப்படியே அரபுச் சொல்தான். அதற்கு அறுவடை என்று பொருள். இன்றும் நம் கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் நிலக் கணக்குகள் பசலி ஆண்டிலேயே இருக்கின்றன. ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரை ஒரு பசலி. அந்த ஜூலை விழும் ஆங்கில ஆண்டில் 590ஐக் கழித்தால் பசலி எண் வரும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. ஆண்டு முடியும் தறுவாயில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி வைத்து ஊர்க் கணக்குகளைச் சரிபார்ப்பதும் இதனால்தான். அறுவடையை ஒட்டி ஆண்டை அமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். நெல் வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால்தானே குடியானவன் கொடுப்பான்?

ஆனால் பெயரில் இருந்த அறுவடை நடப்பில் எப்போதும் இருக்கவில்லை. கம்பெனி ஆட்சியில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் கிஸ்தி கிஸ்திதான் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. கட்டாதவர்களைச் சித்திரவதை செய்து வசூலிக்கிறார்கள் என்ற புகார் இலண்டன் பாராளுமன்றம் வரை சென்று, சென்னை மாகாணத்தில் 1854இல் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, ரெவினியூ சிப்பந்திகளும் போலீசாரும் குடிகளைத் துன்புறுத்தியது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. கிட்டி என்ற இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பார்களாம். அண்ணாந்தாள் என்று, உடலை வளைத்துக் கழுத்தையும் கால்களையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவார்களாம். எழுதும்போதே கை கூசுகிறது. "கிட்டிப் பிடி" என்று பாட்டி திட்டும்போது அது எங்கிருந்து வந்தது என்று இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டி, "அதனாலேதாண்டி எங்க காலத்துல வரி பாக்கின்னா அடுப்புல உலை வைக்க மாட்டாங்க. மொதல்ல ரசீது, அப்புறந்தான் சோறு" என்றார்.

விவிலியத்திலும் இதே கதை வேறு வடிவில் வருகிறது. உரோமை அரசு ஒரு பகுதியின் வரியை ஏலம் விடும். ஏலம் எடுத்தவர்கள் அந்தத் தொகையை அரசுக்குப் பொறுப்பேற்றுக் கட்டிவிட்டு, மக்களிடம் அதற்கு மேல் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறப்பார்கள். மதிப்பீடு ஏலக்காரனுடையது, பணம் மட்டும் மக்களுடையது. எரிகோ நகரத்துச் சக்கேயு இப்படிப்பட்ட தண்டல்காரர்களுக்குத் தலைவர். அத்திமரத்திலிருந்து இறங்கிய பிறகு, எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றாரே, அந்த நான்கு மடங்கின் கனம் இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இனி இக்காலத்துக்கு வருவோம். இந்தியாவில் வருமான வரி 1860 ஜூலை 24ஆம் நாள் வந்தது. 1857 கலகத்தால் வற்றிப்போன கஜானாவை நிரப்ப நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தார். அதை வெளிப்படையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? சென்னை கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன்! தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளுக்கும் தெரியப்படுத்தியதனால் அவர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். வில்சனும் அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் இறந்துபோனார். வரி மட்டும் நிலைத்துவிட்டது; இடையில் சில ஆண்டுகள் நின்று மீண்டும் வந்தது.

சம்பாதிக்கும் ஆண்டிலேயே தவணையாகக் கட்டும் முறை, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது 1944இல் சேர்க்கப்பட்டது. அதையே இன்று அட்வான்ஸ் வரி என்கிறார்கள். சம்பளக்காரர்களுக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தொல்லை இல்லை. பிடித்தம் போக இன்னும் ரூ. 10,000 அல்லது அதற்கு மேல் வரி இருக்கும் என்று தோன்றினால், தானே மதிப்பிட்டு நான்கு தவணையில் கட்ட வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம். செப்டம்பர் 15க்குள் அதையும் சேர்த்து 45 சதவீதம். டிசம்பர் 15க்குள் 75. மார்ச் 15க்குள் முழுவதும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தத் தேதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தைப் பெறுவதற்காக 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கின்றன.

ஒருவருக்கு அந்த ஆண்டு வரி ரூ. 40,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் 6,000. செப்டம்பரில் மொத்தம் 18,000 ஆக வேண்டும், ஆகையால் 12,000. டிசம்பரில் மறுபடியும் 12,000. மார்ச்சில் மீதி 10,000. பலர் "45 சதவீதம்" என்பதைப் புதிதாக 45 என்று எண்ணிக் குழம்புகிறார்கள். அது கூட்டுத்தொகை என்பதை நினைவில் வையுங்கள். குறைவாகக் கட்டினால் குறைந்த தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி. முதல் மூன்று தவணைகளுக்கு மூன்று மூன்று மாத வட்டி, கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டி.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு சலுகை. ஜூனில் 15க்குப் பதிலாக 12 சதவீதமும், செப்டம்பரில் 45க்குப் பதிலாக 36 சதவீதமும் கட்டியிருந்தாலே அத்தவணைகளுக்கு வட்டி கிடையாது. ஆண்டின் தொடக்கத்தில் மதிப்பீடு பிசகும் என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. அதுபோல, ஆண்டின் நடுவில் நிலம் விற்று எதிர்பாராத இலாபம் வந்தால், அதற்குமுன் கழிந்த தவணைக்கு வட்டி கேட்கமாட்டார்கள். மீதித் தவணைகளில் கட்டிவிட்டால் போதும். அறுபது வயது நிறைந்து, வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கு அட்வான்ஸ் வரியே இல்லை. விற்பனையில் இத்தனை சதவீதம் இலாபம் என்று உத்தேசமாகக் காட்டும் சிறு வியாபாரிகளுக்கு நான்கு தேதி கிடையாது. மார்ச் 15 ஒன்றுதான். புதிய முறையில் 2025-26ஆம் நிதியாண்டுக்குச் சாதாரணமாகப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் வருமானம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால், எங்கள் ஊர்க் கடைக்காரர்களில் பெரும்பாலோர்க்கு இந்தத் தேதிகள் தொல்லை தருவதில்லை.

அப்படியானால் அப்பாவைப் பிடித்தது எது? வருமான வரி மத்திய அரசுடையது. விவசாய வருமானம் நீங்கலாக மற்ற வருமானத்தின்மீது வரி போட மாநில அரசுக்கு அரசியலமைப்பு அதிகாரம் தரவில்லை. மாநிலத்தின் பெரிய வரி விற்பனையின்மீது வருவது. 2017 ஜூலை 1 முதல் அது சரக்கு மற்றும் சேவை வரியாகிவிட்டது, எல்லோரும் ஜி.எஸ்.டி. என்றே சொல்கிறோம். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு பொருள் விற்றால் வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி நம் மாநிலத்துக்கு. பதினெட்டு சதவீதப் பொருள் என்றால் ஒன்பதும் ஒன்பதும். கடைக்காரர் வாங்குபவரிடம் வசூலித்த வரியில், தாம் கொள்முதல் செய்யும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்த வேண்டும்.

ஆண்டு விற்பனை ஐந்து கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் கொடுத்தால் போதும் என்ற திட்டம் 2021 ஜனவரி 1 முதல் வந்தது. அப்பா இதில்தான் இருக்கிறார். ரிட்டர்ன்தான் மூன்று மாதத்துக்கு ஒன்று. பணம் மாதாமாதம்! காலாண்டின் முதல் மாத வரியை இரண்டாம் மாதம் 25ஆம் தேதிக்குள்ளும், இரண்டாம் மாத வரியை மூன்றாம் மாதம் 25ஆம் தேதிக்குள்ளும் சலான் மூலம் கட்ட வேண்டும். மூன்றாம் மாதத்தின் மீதியை ரிட்டர்னோடு அடுத்த மாதம் 22ஆம் தேதிக்குள் கட்டலாம். (22 என்பது தமிழ்நாட்டுக்கு, சில மாநிலங்களுக்கு 24.)

மாதக் கணக்கு முடியாமல் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதற்கு எளிய வழி ஒன்றை விதியே தருகிறது. போன காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 சதவீதத்தை ஒவ்வொரு சலானிலும் கட்டிவிட்டால் போதும். வியாபாரம் திடீரென்று கூடியிருந்தாலும் கவலை இல்லை. மீதியை ரிட்டர்ன் தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. விற்பனையே நடக்கவில்லை, அல்லது கொள்முதலில் கட்டிய வரியே அந்த மாத வரிக்குப் போதும் என்றால் சலானே வேண்டாம். 35 பிடிக்காதவர்கள் உண்மையான கணக்குப் போட்டுக் கட்டலாம். ஆனால் அதில் குறைந்தால் வட்டி உண்டு.

எங்கள் கடைக் கணக்கை அப்பாவின் அனுமதியோடு இங்கே தருகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை ரொக்கமாகக் கட்டிய வரி ரூ. 36,000. அதில் 35 சதவீதம் ரூ. 12,600. அதை மே 25ஆம் தேதி ஒரு முறை, ஜூன் 25ஆம் தேதி ஒரு முறை கட்டியிருக்க வேண்டும். அப்பா இரண்டையும் கட்டவில்லை. அந்தப் பணம் பைப்பாகவும் வால்வாகவும் கடையில் அடுக்கப்பட்டிருந்தது. ஜூலையில் கணக்கு எழுதுபவர் கூட்டிச் சொன்னபோது காலாண்டு வரி ரூ. 41,000. சலான்களைக் கட்டியிருந்தால் ஜூலை 22ஆம் தேதி கட்ட வேண்டியது ரூ. 15,800 மட்டுமே.

வட்டி எவ்வளவு என்று நானே போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 18 சதவீதம். 12,600க்கு ஒரு நாள் வட்டி ஆறு ரூபாய் இருபது காசுக்குச் சற்று மேல். முதல் சலானுக்கு 58 நாள், இரண்டாவதற்கு 27 நாள். ஆக மொத்தம் ரூ. 528. இதைக் கேட்டுத் தோழி ஒருத்தி "இவ்வளவுதானா!" என்று சிரித்தாள். ஐந்நூறு ரூபாய்க்காக யாரும் சங்கிலியை அடகு வைப்பதில்லை என்பது மெய்தான். மூன்று பங்காகப் பிரிந்து போக வேண்டிய 41,000 ஒரே நாளில் வந்து நின்றதே, அதற்குத்தான் சங்கிலி போயிற்று. அடகுக் கடை வட்டி தனி. அதைப் பற்றிக் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுகிறார்.

இதில் மறந்துவிடக்கூடாத ஒன்று உண்டு. பில்லில் 'வரி' என்று எழுதி வாடிக்கையாளரிடம் வாங்கிய அந்தப் பணம் கடைக்காரருடையது அன்று. அப்பா அதை எடுத்துச் சரக்கு வாங்கியது, சபைக்குச் சேர வேண்டிய காணிக்கையை வீட்டுச் செலவுக்குக் கைமாற்றாக எடுத்தது போல. இதை நான் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் மாலை ஒரு தனி நோட்டைக் கொண்டுவந்து, "ஒவ்வொரு சனிக்கிழமையும் வரிப் பணம் எவ்வளவுன்னு இதுல எழுதிக் குடு" என்றார்.

விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் கடைகள் காம்போசிஷன் என்ற வேறு முறையையும் தேர்ந்தெடுக்கலாம். அதில் வியாபாரிகள் விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும், காலாண்டு முடிந்த மறு மாதம் 18ஆம் தேதிக்குள் கட்டுகிறார்கள். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக்கூடாது. கொள்முதல் வரியைக் கழிக்கவும் முடியாது. எங்கள் கடைக்கு அது இலாபமா நஷ்டமா என்று நானும் அப்பாவும் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். தொழில் வரியும் சொத்து வரியும் அரையாண்டு வரிகள். தொழில் வரி ஓர் ஆண்டுக்கு ரூ. 2,500ஐத் தாண்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆம் பிரிவே வரம்பு கட்டியிருக்கிறது. உத்திரமேரூர் போன்ற பேரூராட்சிகளிலும் காஞ்சிபுரம் மாநகராட்சியிலும் சொத்து வரியை ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. தேதி தவறினால் வட்டி வாங்குவதைவிடத் தேதிக்கு முன்னே கட்டினால் தள்ளுபடி தருவது எனக்கு அழகாகத் தோன்றுகிறது. ஜி.எஸ்.டி.யிலும் இப்படிச் செய்தால் என்ன?

வெளிநாட்டில் எப்படி என்று அறிய ஆவல் கொண்டு சிறிது படித்தேன். அமெரிக்காவில் நடுவண் அரசு தனியாகவும் மாநிலம் தனியாகவும் வருமான வரி வாங்குகின்றன. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் வாங்குவதில்லை. நடுவண் அரசுக்கு ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நான்கு சமமான தவணைகள். கலிபோர்னியா மாநிலமோ அதே நாள்களில் 30, 40, பூஜ்யம், 30 சதவீதம் என்று வாங்குகிறது. செப்டம்பரில் ஒன்றும் கட்ட வேண்டாம்! ஒரே ஆள், ஒரே வருமானம், இரண்டு அரசுகளுக்கு இரண்டு வாய்பாடு. அங்கும் பாதுகாப்பான அளவு ஒன்று உண்டு: சாதாரண வருமானம் உள்ளவர் போன ஆண்டு வரி அளவுக்குத் தவணைகளைக் கட்டிவிட்டால், இந்த ஆண்டு எவ்வளவு கூடினாலும் அபராதம் இல்லை. அப்பாவின் 35 சதவீதமும் இதன் தங்கைதான். நடந்து முடிந்த காலத்தைக் கொண்டு வரப்போகும் காலத்தை அளக்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் பங்குக் கோயிலில் கொடுத்த நாள்காட்டி தொங்குகிறது. அதில் சிவப்பு மையால் நான் வட்டமிட்டிருக்கிறேன். ஜூலை 22 ரிட்டர்ன் நாள், புனித மகதலா மரியாள் திருநாள். இரண்டாம் சலானுக்கு உரிய மார்ச் 25, மங்கள வார்த்தை திருநாள். நவம்பர் மாதச் சலான் வந்து நிற்பது டிசம்பர் 25 அன்று! அந்த ஒரு வட்டத்தை மட்டும் அம்மா பார்த்துவிட்டு, "கிறிஸ்துமஸ் அன்னைக்கு இந்தப் பேச்செல்லாம் வீட்டுல வரக்கூடாது" என்றார். ஆகவே அதை அழித்துவிட்டு 23ஆம் தேதியில் போட்டிருக்கிறேன். சங்கிலி ஈஸ்டருக்கு முன்னே மீண்டு வந்துவிட்டது.